வடியின் பக்கம் நின்று

வடிகட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது நாம் வடிகட்டப்பட்ட இடங்கள்தான். சுற்றிவளைப்பு நடந்த காலைகளில் கோயில் வீதியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நம்மவர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டு, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடந்தார்கள். தலை ஆடினால் ஒரு பக்கம், ஆடாவிட்டால் மறுபக்கம். பிறகு சோதனைச் சாவடிகள். 2009இல் வவுனியா முகாம்களின் முட்கம்பிகள். பிறகு விமான நிலையங்கள், அகதி விசாரணை அறையின் மேசை. இவற்றைப் பற்றி நமது சஞ்சிகைகளில் நிறைய எழுதியாயிற்று. இன்னும் எழுதப்படவேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இக்கட்டுரை அதைப் பற்றியதல்ல. வடிகட்டப்பட்டவர்களின் பக்கம் நின்றே இதுவரை பேசிவந்த நாம், ஒரு தடவை வடியின் பக்கம் நின்று யோசித்துப் பார்த்தால் என்ன?

வடி என்று இங்கே நாம் சொல்வது கதவருகே நின்று ஆட்களைப் பிரித்த அதிகாரியை அல்ல. பிறருடைய அழுக்கைத் தன்னிடத்தில் நிறுத்திக்கொண்டு மறுபக்கத்துக்குத் தெளிவானதை மட்டும் அனுப்பும் பொருளைச் சொல்கிறோம். நமது வீடுகளில் தொங்கும் தேத்தண்ணி வடியைப் போன்ற ஒன்றை. அப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு, அப்படியே வாழ்ந்துவிட்ட ஒரு மனிதருக்கு, அதன் மறுபக்கத்தில் இருந்து தெளிவானதைக் குடித்தவர்கள் கடமைப்பட்டிருப்பது என்ன? நன்றியா? ஓய்வா? அல்லது ஒன்றுமே இல்லையா?

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ஒரு பழைய பிக்கப்பின் அடிவயிற்றிலிருந்து வந்தது.

ஸ்காபரோவில் ஒரே ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்யும் நாங்கள் நால்வர் சீட்டுக் காசில் சேர்ந்து வாங்கிய வாகனம் அது. 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு. சனி ஞாயிறுகளில் கலியாண வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளை ஏற்றிப் போவோம். தெரிந்தவர்கள் வீடு மாறும்போது கட்டில், மேசை காவுவோம். எங்களில் ஒருவருக்கு யாழ். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோயிற்று. இன்னொருவர் ஊரில் ஒரு கராஜில் மூன்று வருடம் கை பழகியவர். ஆக எங்களுக்குள் அரை மெய்யியலாளரும் அரை மெக்கானிக்கும் இருக்கிறார்கள். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வருமா என்பது வேறு விடயம்.

இந்த வகை வண்டியில் பெற்றோல் தாங்கி பின்பக்கம், எஞ்சின் முன்பக்கம். இரண்டுக்கும் இடையே வண்டியின் இரும்புச் சட்டத்தின் ஓரமாக ஓடுகிற குழாயில் ஓரிடத்தில் ஒரு உருளை பொருத்தப்பட்டிருக்கிறது. ரின்பால் பேணியைவிட ஒடுங்கியது, ஆனால் நீளம் கூடியது. இதுதான் எரிபொருள் பில்ரர். உள்ளே விசிறி மடிப்பாக மடித்த ஒரு கடதாசி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடதாசி 10, 20 மைக்ரோன் அளவுள்ள துகள்களையும் தடுத்து நிறுத்தவென்று செய்யப்பட்டது. மனிதத் தலைமயிரொன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால், அது எதைத் தடுக்கிறது என்பது விளங்கும். நமது கண்ணுக்கே தெரியாத அழுக்கைத் தடுக்கிறது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? தாங்கியின் கறளிலிருந்து. பெற்றோல் நிலையத்தின் நிலத்தடித் தாங்கியில் படிந்த மண்டியிலிருந்து. குளிரும் வெக்கையும் மாறிமாறி வரும்போது தாங்கிக்குள் வியர்க்கும் தண்ணீரிலிருந்து. ஒருவருடைய குற்றமும் இல்லை. இருப்பதே அழுக்கைச் சேர்ப்பதுதான். எஞ்சின் பக்கத்தில் பெற்றோலைத் தூவும் இன்ஜெக்ரர்களின் துளைகள் மிக நுண்ணியவை. ஒரு துகள் அங்கே போய்ச் சிக்கினால் அந்தச் சிலிண்டரின் மூச்சு கெட்டுவிடும். ஆகவே எஞ்சினுக்கு முன்னால் ஒருவர் நிற்கவேண்டியிருக்கிறது.

அடைபட்டுக்கொண்டு வரும் பில்ரருக்கு ஒரு குணம் உண்டு. சும்மா நிற்கும்போது வண்டி அழகாக இயங்கும். மட்டமான வீதியில் வெறுமையாக ஓடும்போதும் ஒரு குறையும் தெரியாது. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். எங்கள் வண்டி ஹைலன்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கி மறுபக்கம் ஏறும்போது, பின்னால் சோற்றுத் தட்டுகள் நிறைந்திருந்தால் மட்டும், இழுக்க மாட்டாமல் மூச்சு வாங்கியது. அப்போது பார்த்தவர்கள் எல்லோரும் பெரிய சாமான்களையே சந்தேகப்பட்டார்கள். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றார் ஒருவர். பம்ப் போய்விட்டது என்றார் இன்னொருவர். இந்தப் பழைய சனியனை விற்றுத் தொலையுங்கோ என்றார் மூன்றாமவர். நடுவில் நின்று பிடித்துக்கொண்டிருந்த சின்னச் சாமானை ஒருவரும் நினைக்கவில்லை.

அதை மாற்றுவது பெரிய வித்தையல்ல. ஆனால் மரியாதையோடு செய்யவேண்டிய வேலை. இந்தக் காலத்து இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் பலவற்றில் குழாய்க்குள் சதுர அங்குலத்துக்கு 40 தொடக்கம் 60 இறாத்தல் வரை அழுத்தம் நிற்கும். அதை இறக்காமல் நட்டைத் திறந்தால் பெற்றோல் முகத்தில் சீறும். எனவே எஞ்சின் ஆறியபிறகு, வெளிக்காற்றில், பக்கத்தில் சிகரெட்டோ நெருப்போ இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தவேண்டும். தாங்கியின் மூடியைத் தளர்த்தவேண்டும். பெற்றோல் பம்பின் பியூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு எஞ்சினை இயக்கினால், குழாயில் மிஞ்சியதைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். பிறகு பற்றறியின் எதிர்முனையைக் கழற்றவேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளில் வண்டியை இருத்திய பிறகே அடியில் போகவேண்டும். அப்படியும் கொஞ்சம் பெற்றோல் வழியும். அதற்குக் கீழே ஒரு சட்டி.

ஒன்ராறியோவில் மாரிகாலம் முழுவதும் வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வண்டியின் அடியைத் தின்றிருக்கிறது. எங்கள் வண்டியின் பில்ரருக்கு இரண்டு முனையிலும் புரி வெட்டிய நட்டுகள். கறள் ஏறி ஒன்றாகிவிட்டிருந்தன. முதல்நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெய் தெளித்துவிட்டு, அடுத்தநாள் இரண்டு ஸ்பனர்களோடு படுத்தோம். இரண்டு ஏன் என்றால், ஒன்றால் மட்டும் திருகினால் நட்டு கழலாது, குழாய்தான் முறுகி உடையும். ஒரு ஸ்பனர் நட்டைத் திருப்பவேண்டும். மற்றது பில்ரரை அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். திருப்புகிற கைதான் வேலை செய்வதுபோலத் தெரியும். அசையாமல் பிடிக்கிற கைக்கு வலி அதிகம்.

பழைய பில்ரரைக் கழற்றியதும், அதற்குள் நின்ற பெற்றோலை இரண்டு பக்கமும் தனித்தனியே வெள்ளைப் பிளாஸ்ரிக் கோப்பைகளில் சாய்த்தோம். எஞ்சின் பக்கத்தால் வந்தது தெளிவாக இருந்தது. தாங்கிப் பக்கத்தால் வந்தது கடும் சாயத் தேத்தண்ணி நிறம். அடியில் கறுப்பு மண்டி. இதைக் கண்டபோது எங்களில் ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இவ்வளவு காலமும் "மக்கர் பண்ணுது" என்று நாங்கள் திட்டிய சாமான், கடைசி நாள்வரை ஒரு துளி அழுக்கையும் மறுபக்கம் விடவில்லை. அது அடைபட்டது பழுதானதால் அல்ல. தன்னுடைய வேலையைச் சரியாகச் செய்ததால் அடைபட்டது. ஒரு வடி எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது இன்னும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் நமது குடும்பங்களின் கதை குறுக்கே வருகிறது.

எங்கள் குசினியின் மூத்த சமையற்காரரை நாங்கள் பெரியண்ணை என்று கூப்பிடுகிறோம். இதை எழுதுவதற்கு அவரிடம் கேட்டோம். "எழுதுங்கோ, பேரைப் போடாதேங்கோ" என்றார். 1988இல் இங்கே வந்தவர். பகலில் தொழிற்சாலை, இரவில் கோப்பை கழுவுதல், பிறகு சமையல். இரண்டு தம்பிமாரை வெளிநாட்டுக்கு எடுக்க ஏஜென்சிக்குக் கட்டினார். இரண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் கொடுத்தார். இடம்பெயர்ந்த தாய்க்கு மாதாமாதம் உண்டியலில் காசு. உடைந்த வீட்டுக்குக் கூரை. இப்போது தங்கச்சியின் மகளுக்குக் கொழும்பில் படிப்புச் செலவு. காசு மட்டும் அல்ல. வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தாலும் இரவு இரண்டு மணிக்கு அவருக்குத்தான் தொலைபேசி வரும். இவர் சொன்னதை அவருக்குச் சொல்லாமல், அவர் சொன்னதை இவருக்குச் சொல்லாமல், கசப்பையெல்லாம் தனக்குள் நிறுத்திக்கொண்டு நல்ல வார்த்தையை மட்டும் மறுபக்கம் அனுப்பினார். முப்பத்தைந்து வருடம்.

பிறகு நின்றுவிட்டார். காசு அனுப்புவதில்லை. தொலைபேசி எடுப்பதில்லை. குசினியில் வேலை குறைவில்லை, ஆனால் வாய் திறப்பதில்லை. தங்கச்சி எங்களுக்கு எடுத்தார்: "தம்பியவை, அண்ணையை ஒருக்கா என்னோட கதைக்கச் சொல்லுங்கோ. அவர் இப்ப முந்தி மாதிரி இல்லை. நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள் எண்டு தெரியேல்லை." பாரிசில் இருக்கும் தம்பி இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அண்ணைக்குக் காசு ஆசை வந்திட்டுது."

ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெகர் 1927இல் வெளிவந்த தனது பெருநூலில் சுத்தியலை உதாரணமாகக் காட்டி ஒரு விடயத்தைச் சொல்கிறார். கருவி ஒழுங்காக வேலை செய்யும்வரை நாம் அதைப் பார்ப்பதில்லை. அது நமது கையின் நீட்சியாகி மறைந்துவிடுகிறது. உடையும்போதுதான் ஒரு பொருளாக நம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பெரியண்ணையின் விடயத்தில் நடந்ததும் இதுதான். முப்பத்தைந்து வருடம் அவரை ஒருவரும் பார்க்கவில்லை, காசைப் பார்த்தார்கள். அவர் நின்ற அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டார், அதுவும் ஒரு பழுதாக. ஆனால் சுத்தியலைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த அந்த மனிதர் 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பொருட்களைக் கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதர்களையும் கவனிக்கத் தெரியும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. பில்ரரைப் பார்த்து மனம் இளகிய எங்களுக்கும் இது பொருந்தும்.

கான்ற் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் மனிதரை வெறும் சாதனமாக மட்டும் நடத்தக்கூடாது, எப்போதும் கூடவே இலக்காகவும் கருதவேண்டும் என்கிறார். "மட்டும்" என்ற சொல்லை நாம் பலதடவை தாண்டிப் போய்விடுகிறோம். ஒருவரை ஒருவர் சாதனமாகக் கொள்வதை அவர் தடுக்கவில்லை. சமையற்காரரைக் கொண்டு நாம் சாப்பிடுகிறோம். எங்களைக் கொண்டு முதலாளி கடை நடத்துகிறார். அண்ணன் தம்பியைக் கரைசேர்ப்பதும் அவ்வாறே. கேள்வி, அவ்வாறு பயன்பட்டவர் எந்த நேரத்திலாவது வேறொன்றாகவும் கருதப்பட்டாரா என்பதுதான். பெரியண்ணை எந்தப் படத்தை விரும்புவார், எந்த ஊர் பார்க்க ஆசைப்பட்டார் என்று கேட்டால் அவருடைய உடன்பிறந்த நால்வரில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

எங்கள் குசினியில் மூன்று வகையான வடிகள் இருக்கின்றன என்று சொல்லலாம். அடுப்புக்கு மேலே புகைபோக்கியில் மாட்டியிருக்கும் உலோகத் தட்டுகள் எண்ணெய்ப் புகையைப் பிடிக்கின்றன. அவற்றைக் கழற்றி, கொதிநீரிலும் காரத்திலும் ஊறவைத்துக் கழுவித் திரும்ப மாட்டுவோம். செய்யாவிட்டால் ஒருநாள் நெருப்புப் பிடிக்கும். கழுவு தொட்டிக்குக் கீழே கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி. அதன் மணத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதை அள்ளி வெறுமையாக்கவேண்டும். கோப்பி இயந்திரத்துக் கடதாசி வடி மூன்றாவது. ஒருதரம் பாவித்துவிட்டுக் குப்பையில் போடுவது. கழுவும் வடி, வெறுமையாக்கும் வடி, எறியும் வடி. பிக்கப்பின் பில்ரர் மூன்றாவது வகை. அதைக் கழுவ முடியாது. கடதாசியின் நுண்துளைக்குள் ஏறியது வெளியே வராது.

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்ற வருடங்களில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கிவிடுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். எங்களில் மூத்தவர்கள் சொல்கிறார்கள், மண்ணெண்ணெயைப் பழைய வேட்டித் துணியால் வடித்து ஊற்றுவார்களாம். அந்தத் துணியைத் தோய்த்து, காயவைத்து, திரும்பவும் வடிப்பார்களாம். எதையும் எறியாத அந்தக் காலத்தை இன்றைக்கு நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அது நல்லொழுக்கம் அல்ல, வேறு வழியின்மை. துணியை மதித்து யாரும் தோய்க்கவில்லை. இன்னொரு துணி இல்லாததால் தோய்த்தார்கள். இன்னொரு அண்ணன் இல்லாததால்தான் ஒரே அண்ணனில் திரும்பத் திரும்ப வடித்தோமா என்ற கேள்வியும் இங்கேயே எழுகிறது.

வாகனத்துக்குள்ளேயே இன்னொரு வடியும் உண்டு: எஞ்சின் ஒயில் பில்ரர். இது அடைபட்டால் எஞ்சினுக்கு ஒயில் நின்றுபோகாது. பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு சிறிய வால்வு திறந்து, ஒயிலை வடிக்காமலே மறுபக்கம் விட்டுவிடும். அழுக்கு ஒயில் கெடுதல்தான், ஆனால் ஒயிலே இல்லாமற்போனால் எஞ்சின் சில நிமிடங்களில் இறுகிப்போகும் என்பதால் செய்தவர்கள் குறைந்த கெடுதலைத் தெரிந்தெடுத்தார்கள். எங்கள் வண்டியின் பெற்றோல் பில்ரருக்கு அப்படியொரு வழி கிடையாது. அது அடைபட்டால் வண்டி நிற்கட்டும், அழுக்கு மட்டும் போகக்கூடாது.

இந்த இரண்டு ஏற்பாடுகளும் இரண்டு விதமான மனிதர்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் தாங்கமாட்டாத நிலைக்கு வந்ததும் உள்ளே வைத்திருந்ததைத் திறந்துவிடுகிறார். குடிக்கிறார், மனைவிக்குக் கைநீட்டுகிறார், பிள்ளைகளைச் சொல்லால் சுடுகிறார். காசு மட்டும் தவறாமல் ஊருக்குப் போகும்; ஊரில் அவர் நல்லவர். மற்றவர் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்காமல் நின்றுவிடுகிறார். நமது சமூகம் முதலாமவரை விளங்கிக்கொள்கிறது, "பாவம், கஷ்டப்பட்ட மனிசன்" என்று மன்னிக்கிறது. இரண்டாமவரைத்தான் மாறிப்போனவர், நன்றிகெட்டவர், காசாசைக்காரர் என்கிறது. ஏனெனில் முதலாமவரின் அழுக்கு நம்மிடம் வரவில்லை. அவருடைய வீட்டுக்குள் போயிற்று. அந்த வீட்டிலுள்ள பெண்தான் அடுத்த வடி. அண்ணன்மாரின் தியாகத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிய நாம், அவர்களுக்குப் பின்னால் இன்னும் நுண்ணிய துளைகளோடு நின்ற அண்ணிமாரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? பெரியண்ணையின் மனைவியும் இருபது வருடம் ஒரு ஹொட்டேலில் அறைகள் துப்புரவாக்கியவர். உண்டியலில் போன காசில் பாதி அவருடையது. நன்றி சொல்லும்போது அவர் பேரை ஒருவரும் சொன்னதில்லை.

புதிய வாகனங்கள் பலவற்றில் இந்தப் பில்ரரை வெளியே காணமுடியாது. பெற்றோல் தாங்கிக்குள்ளேயே பம்போடு சேர்த்து வைத்துவிடுகிறார்கள். எத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றவேண்டும் என்று சொந்தக்காரரின் கைநூலிலும் இருப்பதில்லை. ஆயுளுக்கும் போதும் என்பதே ஏற்பாடு. யாருடைய ஆயுளுக்கு? வண்டியின் ஆயுளுக்கா, பில்ரரின் ஆயுளுக்கா? பில்ரர் செத்தால் வண்டியின் ஆயுளும் முடிந்தது என்று வைத்துக்கொண்டால் அந்த வாக்கியம் எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும். தியாகம் என்ற சொல்லை நமது வீடுகளில் நாம் பாவிக்கும் விதமும் இப்படியானதே. ஒருவரைத் தியாகி என்று சொல்லிவிட்டால் பிறகு அவரை எடுத்துப் பார்க்கவேண்டியதில்லை. தாங்கிக்குள் வைத்து மூடிவிடலாம். பிறந்தநாளுக்கு முகப்புத்தகத்தில் படம் போட்டு நாலு வரி எழுதினால் போதும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நாம் தட்டிக்கழிக்கக்கூடாது. பில்ரர் தானாக விரும்பி வந்து குழாயில் உட்காரவில்லை. மனிதர் அப்படியல்ல. பெரியண்ணை தானே தோள் கொடுத்தார். தடுத்தவர்களோடு சண்டைபிடித்தும் கொடுத்தார். தம்பி வேலை தேட முனைந்தபோது "நீ படி, நான் இருக்கிறன்" என்றவர் அவர். அந்தச் சொல்லில் ஒரு பெருமை இருந்தது, ஒரு அதிகாரமும் இருந்தது. கொடுத்துக்கொண்டிருப்பவரே குடும்பத்தின் கதவுகளைத் திறந்து மூடினார். யார் யாரைக் கலியாணம் செய்யலாம் என்பதிலும் அவருடைய சொல் இருந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் பலியாகக் காட்டினால் அதுவும் அவரை ஒரு பொருளாக்குவதுதான். ஆனால் ஒருவர் தானாக ஏற்ற பாரம் என்பதால் அதை இறக்க உதவும் கடமை மற்றவர்களுக்கு இல்லாமற்போய்விடுமா? தானாக ஏற்றார் என்பது அவருடைய பெருந்தன்மைக்கு விளக்கம். நம்முடைய சும்மா இருத்தலுக்கு அது விளக்கம் ஆகாது.

பழைய வாகனங்களின் கைநூல்களில் எரிபொருள் பில்ரரை ஏறத்தாழ 50,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றச் சொல்வது வழக்கம். இந்த எண்ணை நாம் ஒரு ஒழுக்க வாக்கியமாகவே வாசிக்கிறோம். வண்டி நின்றபிறகு மாற்று என்று அது சொல்லவில்லை. முறைப்பாடு வந்தபிறகு பார் என்றும் சொல்லவில்லை. குறை ஒன்றும் தெரியாத காலத்திலேயே, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கணக்கு வைத்துப் போய்ப் பார் என்கிறது. நன்றி என்பது முடிந்துபோன ஒன்றைப் பற்றியது. கவனிப்பு என்பது இன்னும் நிற்காத ஒன்றைப் பற்றியது. நம்மில் அநேகருக்கு முதலாவது நன்றாக வரும்; இரண்டாவதில் பழக்கமில்லை.

பெரியண்ணையிடம் இதைப் பற்றிக் கதைத்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையை இனி நாங்கள் நால்வரும் முறைவைத்துச் செய்வதாகவும், மருமகளின் படிப்புச் செலவை உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு வருடமாக ஏற்கவேண்டும் என்று நாங்களே எடுத்துச் சொல்வதாகவும் சொன்னோம். பில்ரர் கதையையும் சொன்னோம். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பல நாட்களின் பின் முதல்தடவையாக ஒரு முழு வசனம் பேசினார்: "அப்ப பழசைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, புதுசைப் போடப் போறியளோ?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேள்வி சிரிப்பல்ல. நமது உவமை உடையவேண்டிய இடம் அதுதான். பழைய பில்ரரைப் பெற்றோல் வடிந்தபின் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதோடு அதன் கதை முடிந்தது. மனிதரின் கதை அங்கே முடியக்கூடாது. வண்டியில் பாரம் இருந்த இடத்தில் இருக்க, சாமான் மாறுகிறது. வீட்டில் மனிதர் இருந்த இடத்தில் இருக்க, பாரம் மாறவேண்டும். அவரை மேசையிலிருந்து எழுப்பாமல், அவருடைய தோளிலிருப்பதை மட்டும் இறக்கவேண்டும். காசு தராத அண்ணனுக்கும் தொலைபேசி எடுக்கவேண்டும். ஒன்றும் கேட்காமல் எடுக்கவேண்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்த கிழமையும் எடுக்கவேண்டும். இறக்கிய பாரத்தை இன்னொரு தனி ஆளின் தலையில், குறிப்பாக அந்த மருமகளின் தலையில், திரும்ப வைத்துவிடாமலும் பார்க்கவேண்டும்.

லண்டனில் இருக்கும் தம்பி முதல் வருடத்தை ஏற்றுக்கொண்டார். பாரிசில் இருப்பவர் "உங்களுக்கு எங்கட வீட்டு விசயத்தில என்ன வேலை?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. ஒரே குசினியில் நின்று ஒரே புகையைக் குடிப்பவர்கள் என்பதைத் தவிர எங்களிடம் வேறு உரித்து இல்லை. அது போதும் என்று நாங்கள் நினைக்கிறோம். தங்கச்சி இப்போது ஞாயிறு இரவுகளில் எடுக்கிறார். பெரியண்ணை சில நாட்களில் பேசுகிறார், சில நாட்களில் இல்லை.

புதிய பில்ரரைப் பூட்டும்போது கவனிக்கவேண்டியவை சில. அதன் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கவேண்டும். நட்டுகளை முதலில் கையாலேயே புரியில் ஏற்றவேண்டும். எல்லாம் பூட்டியபின் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை திருப்பி, பம்ப் குழாயை நிரப்ப விட்டு, எங்கும் ஒழுகுகிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக, அழியாத மையால் பில்ரரின் உடம்பிலேயே அன்றைய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிவிடுவது மெக்கானிக்குகளின் நல்ல பழக்கம். அடுத்ததாக அடியில் படுப்பவர் நாமாக இல்லாவிட்டாலும், எத்தனை காலமாக இது நிற்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா?

மனிதரின் உடம்பில் அப்படி எழுதிவைக்க இடமில்லை. யாராவது ஒருவர் மனதில் வைத்திருந்தால்தான் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி நிற்பவர் யார், எந்த ஆண்டிலிருந்து நிற்கிறார் என்று இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒருதரம் கணக்குப் பாருங்கள்.